வரம்புக்குள் ஒரு வேட்டை: பென்சில்வேனியாவின் டிசம்பர் மாலை

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் கிறிஸ்துமஸுக்கு மறுநாள் தொடங்கும் மான் வேட்டைக்காலம் மற்றவற்றைப் போன்றதல்ல. வெள்ளைவால் மானைச் சுட அனுமதி உண்டு. ஆனால் சுடும் துப்பாக்கி 1800-க்கு முந்தைய வடிவத்தில் இருந்தாக வேண்டும். தோட்டா கிடையாது. குழலின் வாய்வழியே கரிமருந்தைக் கொட்டி, ஈயக்குண்டைக் கோலால் இடித்து இறக்கி, சக்கிமுக்கிக் கல்லின் பொறியால் பற்றவைக்க வேண்டும். தூரத்தைக் கிட்டே காட்டும் கண்ணாடி எதையும் குழல்மேல் பொருத்தக் கூடாது. ஒரு குண்டு போனால் அடுத்ததைக் கெட்டிக்க, பழகிய கைக்கும் அரை நிமிடம் ஆகும். 1974-ல் சில அரசு வேட்டை நிலங்களில் மட்டும், சில நாட்களுக்கு என்று தொடங்கிய இந்தப் பருவம், இன்று மாநிலம் முழுவதும் ஜனவரி வரை நீள்கிறது. நவீன ரைஃபிள் எந்தக் கடையிலும் கிடைக்கும் நாட்டில், சட்டமே ஏன் மனிதரை இருநூறு ஆண்டுகள் பின்னே போகச் சொல்கிறது? பழமை மோகம் என்று சொல்லிக் கடந்துவிடலாம். அந்த மாநிலத்தின் தெற்கிலிருந்து வடக்கே பயணம் செய்து, ஊர்களையும் காடுகளையும் வரிசையாகப் பார்ப்பவருக்கு வேறொரு விடை கிடைக்கும். வேட்டையின் நியாயம் வரம்பில் இருக்கிறது. வரம்பு இல்லாதபோதும் தவறான இடத்தில் வரம்பு போட்டபோதும் இந்தக் காடு அழிந்தது. சரியான வரம்பு எப்படி இருக்க வேண்டும் என்பதை இந்தப் பழைய துப்பாக்கி கையில் பிடித்துப் பார்க்கும்படி காட்டுகிறது. இதுவே இக்கட்டுரையின் வாதம்.

பயணம் லான்காஸ்டரில் தொடங்குவதுதான் பொருத்தம். இன்று ஆமிஷ் மக்களின் குதிரை வண்டிகளுக்கும் பால் பண்ணைகளுக்கும் பெயர்போன இந்த மாவட்டம், 18-ஆம் நூற்றாண்டில் துப்பாக்கிக் கொல்லர்களின் ஊர். ஜெர்மானிய, சுவிஸ் குடியேறிகள் தங்கள் நாட்டிலிருந்து கட்டையும் குட்டையுமான வேட்டைத் துப்பாக்கியைக் கொண்டுவந்தார்கள். புதிய நாட்டுக் காடு வேறு மாதிரியானது. ஈயமும் மருந்தும் விலை கூடியவை, எல்லாவற்றையும் முதுகில் சுமந்தே பல நாள் நடக்க வேண்டும். ஆகவே குழலை ஒரு மீட்டருக்கும் மேலாக நீட்டினார்கள். குண்டின் விட்டத்தைக் குறைத்தார்கள். அலையலையாக இழையோடும் மேப்பிள் மரத்தில் கட்டையை மெலிதாகச் செதுக்கினார்கள். ஒரு ராத்தல் ஈயத்திலிருந்து அதிகக் குண்டுகள் வார்க்க முடிந்தது. குழலுக்குள் சுருளாக வெட்டிய பள்ளங்கள் குண்டைச் சுழற்றி அனுப்பியதால் குறியும் தப்பவில்லை. பின்னாளில் கென்டக்கி ரைஃபிள் என்று புகழ்பெற்ற துப்பாக்கி பிறந்த மண் இதுதான். வடகிழக்கே நாசரேத் ஊருக்கு அருகில் ஜேக்கப்ஸ்பர்க்கில், தலைமுறை தலைமுறையாகத் துப்பாக்கி செய்த ஹென்றி குடும்பத்தின் தொழிற்சாலை இருந்த இடத்தில் இன்று ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. கண்ணாடிக்குப் பின்னே நிற்கும் அந்த நீண்ட குழல்களைப் பார்க்கும்போது, இவற்றைச் செய்தவர்களின் நோக்கம் சிக்கனம் என்பது புரிகிறது. வீணாகும் ஒவ்வொரு குண்டும் உழைத்த காசு என்று அறிந்தவர்களின் கருவி இது.

ஆனால் லான்காஸ்டரின் இன்னொரு நினைவையும் பயணி கடந்துபோகக் கூடாது. 1763 டிசம்பரில், பேக்ஸ்டன் பாய்ஸ் என்று அழைக்கப்பட்ட குடியேறிகளின் கும்பல், அருகிலிருந்த கோனெஸ்டோகா ஊரில் அமைதியாக வாழ்ந்த சஸ்குவெஹானக் பழங்குடி மக்களைத் தாக்கி ஆறு பேரைக் கொன்றது. உயிர் தப்பியவர்களைப் பாதுகாப்பதாகச் சொல்லி நகரத்துக் கட்டடம் ஒன்றில் வைத்திருந்தார்கள். டிசம்பர் 27 அன்று கும்பல் அங்கும் புகுந்து, குழந்தைகள் உட்பட பதினான்கு பேரையும் கொன்றது. இன்று வேட்டைக்காலம் நடக்கும் அதே நாட்களில்தான் இது நடந்தது. இந்தத் துப்பாக்கியைச் சுதந்திர வீரனின் சின்னமாக மட்டும் வணங்குகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். லெனாப்பே, ஷானி பழங்குடி மக்களின் நிலங்கள் பறிபோனதிலும், மான்தோல் வாணிகம் காடுகளை வெறுமையாக்கியதிலும் இதே குழல்களுக்குப் பங்கு உண்டு. எனவே கருவி பழையது என்பதால் அது புனிதமாகிவிடாது. மெதுவான, ஒரே குண்டு கொண்ட இந்தத் துப்பாக்கியே, அதை ஏந்தியவர்களுக்குக் கட்டுப்பாடு இல்லாதபோது, ஒரு சமூகத்தையே துடைத்தெறியப் போதுமானதாக இருந்தது. நான் பழமைக்காக வாதாடவில்லை, வரம்புக்காக வாதாடுகிறேன். இரண்டும் வேறு.

சஸ்குவெஹானா ஆற்றை ஒட்டி வடக்கே ஏறி, ஆறாம் எண் நெடுஞ்சாலையில் மேற்கே திரும்பினால் பாட்டர், மெக்கீன், வாரன் மாவட்டங்கள் வருகின்றன. கண்ணுக்கெட்டிய தூரம் காடு. தொன்றுதொட்டு நிற்கும் காடு என்று எண்ணத் தோன்றும், உண்மை அதுவல்ல. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் இந்த மலைகள் ஏறத்தாழ மொட்டையடிக்கப்பட்டன. ஹெம்லாக் மரங்களைத் தோல் பதனிடும் பட்டைக்காக வெட்டினார்கள். மீதியை அறுவை ஆலைகள் தின்றன. மானும் அதே வேகத்தில் போயிற்று. நகரச் சந்தைகளுக்கு இறைச்சி அனுப்பிய தொழில்முறை வேட்டைக்காரர்கள் பருவம் பார்க்காமல், ஆண் பெண் பார்க்காமல் சுட்டார்கள். ஓநாயும் மலைச் சிங்கமும் அந்த நூற்றாண்டோடு முடிந்தன. மான் அரிதாகிப்போன மாநிலம் 1895-ல் வேட்டை ஆணையம் ஒன்றை அமைத்தது. 1906 முதல் மிச்சிகன் போன்ற வெளிமாநிலங்களிலிருந்து மான்களை வாங்கிவந்து விட்டது. இன்று பென்சில்வேனியாவின் மாநில விலங்கு வெள்ளைவால் மான். அந்தப் பெருமைக்குப் பின்னால், மானை விலை கொடுத்து இறக்குமதி செய்த வரலாறு இருக்கிறது. வரம்பே இல்லாத வேட்டை எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

அடுத்து நடந்தது அதற்கு நேர்மாறான தவறு. 1907-ல் கொம்புள்ள ஆண் மானை மட்டுமே சுடலாம் என்று சட்டம் வந்தது. அழிவின் விளிம்பில் நின்ற விலங்குக்கு அது அப்போது தேவையான பாதுகாப்புதான். ஆனால் வெட்டிய காடுகளில் துளிர்த்த இளஞ்செடிகள் மானுக்கு எல்லையற்ற தீனியாயின. வேட்டையாட ஓநாயும் இல்லை. நல்ல தீனி கிடைத்தால் பெண் மான் ஆண்டுதோறும் இரட்டைக் குட்டி ஈனும். இருபது ஆண்டுகளுக்குள் மான்கள் பெருகி, பனிக்காலத்தில் தின்ன எதுவும் எட்டாமல் பட்டினியால் சாகத் தொடங்கின. பெண் மானையும் ஓரளவு சுட வேண்டும் என்று அதிகாரிகள் சொன்னபோது வேட்டைக்காரர்களே அதைக் கடுமையாக எதிர்த்தார்கள். பெண் மானைத் தொடாதே என்பது அவர்களுக்கு அறமாகவே ஊறிவிட்டிருந்தது. வனவியலாளர் ஆல்டோ லியோபோல்ட் தன் இளமையில் ஓநாயைச் சுட்டவர். ஓநாய் குறைந்தால் மான் கூடும், அது வேட்டைக்காரனின் சொர்க்கம் என்று நம்பியவர். பல மாநிலங்களில் மான் பெருகிக் காடு சரிவதைக் கண்ட பின் அந்த நம்பிக்கையைக் கைவிட்டார். அவர் மறைவுக்குப் பின் 1949-ல் வெளிவந்த நூல், ஓநாய் மானுக்குப் பகை என்றால் மான் மலைக்குப் பகை என்ற கருத்தை அமெரிக்கர்களுக்குக் கற்றுக்கொடுத்தது.

இது வெறும் கருத்து அல்ல என்பதற்கான அளவீடு இந்த வடமேற்கு மூலையிலேயே, அலிகேனி பீடபூமியில் செய்யப்பட்டது. அமெரிக்க வனத்துறை ஆய்வாளர்கள் காட்டில் வேலி அடைத்து, சதுர மைலுக்கு 10, 20, 38, 64 மான்கள் என்ற கணக்கில் வைத்து, பத்து ஆண்டுகள் கவனித்தார்கள். மான் கூடக் கூட மேப்பிள் முதலிய மரங்களின் நாற்றுகள் மறைந்தன. மான் தொடாத பெரணியும், மானுக்கு அவ்வளவாகப் பிடிக்காத கறுப்புச் செர்ரியும் மட்டும் மிஞ்சின. மிகக் குறைந்த எண்ணிக்கைக்கும் மிக உயர்ந்த எண்ணிக்கைக்கும் இடையே, காட்டின் நடு உயரத்தில் கூடு கட்டும் பறவை இனங்கள் 27 சதவீதமும் அவற்றின் எண்ணிக்கை 37 சதவீதமும் குறைந்தன. சாலையோரம் வண்டியை நிறுத்திக் காட்டுக்குள் பார்ப்பவர் இதைக் கணக்கில்லாமலே காணலாம். மேலே முதிர்ந்த மரங்கள், கீழே பெரணிக் கம்பளம், நடுவில் வெறுமை. முதியவர்கள் மட்டும் வாழும் ஊர் போன்றது அந்தக் காடு. அடுத்த தலைமுறை இல்லை. கரடியும் கயோட்டியும் குட்டிகளை எடுக்கின்றன. வளர்ந்த மானைக் கட்டுப்படுத்தும் அளவுக்கு அவை போதவில்லை. ஓநாயின் வேலையை யாராவது செய்தாக வேண்டிய நிலம் இது.

இந்தப் பின்னணியோடுதான் டிசம்பர் மாலையைப் பார்க்க வேண்டும். பிற்பகல் மூன்று மணிக்கே வெளிச்சம் மஞ்சளாகிவிடும். ஐந்து மணிக்குள் சூரியன் மறைந்துவிடும். மறைந்து அரை மணி நேரத்துக்குள் துப்பாக்கி ஓய வேண்டும் என்பது சட்டம். பகலெல்லாம் ஹெம்லாக் நிழலில் அசைபோட்டுக் கிடந்த மான்கள் அந்த நேரத்தில்தான் ஓக் கொட்டைகளையும் இளங்கிளைகளையும் தேடி எழும். வேட்டைக்காரர் காற்று தன் முகத்தில் அடிக்கும்படி உட்கார வேண்டும். முதுகில் பட்டால் மணம் மானுக்குப் போய்விடும். உறைபனியில் சருகு நொறுங்கும் ஓசையே காட்டிக்கொடுக்கும் என்பதால் பல மணி நேரம் அசையாமல் இருக்க வேண்டும். ஓசையும் மணமும் மட்டும் கவலை அல்ல, மருந்தும் கவலை. குழலின் பக்கவாட்டில் உள்ள சிறு கிண்ணத்தில் பொடி மருந்து இருக்கும். விசையை இழுத்ததும் கல்லைக் கவ்விய குதிரை எஃகுத் தகட்டில் மோதும். தகடு விலகிக் கிண்ணம் திறக்க, பொறி விழுந்து மருந்து பற்றும். அந்தத் தீ சிறு துளை வழியே உள்ளே போய்க் குழலின் மருந்தைக் கொளுத்தும். பனிச்சாரல் பட்டுக் கிண்ணத்து மருந்து நமுத்தாலோ, கல்லின் முனை மழுங்கினாலோ, துளை அடைத்தாலோ குண்டு புறப்படாது. அதனால் இயந்திரப் பகுதியைத் தோல் உறையால் மூடிக் காக்கிறார்கள். எல்லாம் சரியாக நடந்தாலும் விசைக்கும் வெடிக்கும் நடுவே ஒரு நொடித் துணுக்கு உண்டு. கண்ணெதிரே தீ எரியும்போது கை நடுங்காமல் குறியைத் தாங்க வேண்டும். பிறகு புகை எல்லாவற்றையும் மறைத்துவிடும்.

இத்தனை தடைகளும் சேர்ந்து வேட்டைக்காரரிடம் கேட்பது நெருக்கம். அரை அங்குல விட்டமும் ஏறத்தாழ 12 கிராம் எடையும் கொண்ட உருண்டைக் குண்டு தூரம் போகப் போக வேகத்தை விரைந்து இழக்கும். ஐம்பது அறுபது கஜத்துக்குள் மானின் நெஞ்சைத் துளைக்கும் வலு அதற்கு உண்டு. நூறைத் தாண்டினால் பொறுப்புள்ளவர் சுட மாட்டார். ஆகவே மானின் பாதையையும் தீனியையும் காற்றையும் படிக்காதவருக்கு இந்தத் துப்பாக்கியால் பயனில்லை. பெரும்பாலான மாலைகள் ஒரு குண்டுகூடச் சுடாமல் முடிவது இயல்பு. வாய்வழியே மருந்து கெட்டிக்கும் துப்பாக்கிக்கு நவீன வடிவம் ஒன்றும் உண்டு. 1985-ல் மிசோரி மாநிலத்தின் டோனி நைட் கொண்டுவந்த வகை அது. குழலின் பின்னே நேராகத் தீப்பற்றும், தொலைநோக்கி ஏற்கும், இருநூறு கஜம் வரை எட்டும். பல மாநிலங்கள் இதையும் பழைய துப்பாக்கிப் பருவத்தில் அனுமதித்தன. பருவத்தின் பெயர் மட்டும் மிஞ்சி, அதன் உட்பொருள் போய்விட்டது. பென்சில்வேனியாவும் அக்டோபரில் பெண் மான் குறைப்புக்கென ஒரு வாரம் இதை அனுமதிக்கிறது; ஆனால் கிறிஸ்துமஸுக்குப் பிந்தைய பருவத்தைச் சக்கிமுக்கிக் கல்லுக்கே வைத்திருக்கிறது. எண்ணிக்கையைக் குறைப்பதற்கு ஒரு பருவம், நிதானத்தைக் காப்பதற்கு இன்னொரு பருவம் என்ற இந்தப் பிரிவு அறிவுள்ள ஏற்பாடு.

இங்கே ஒரு வலுவான எதிர்வாதம் எழும். கொல்வதென்றால் துல்லியமான கருவியால் ஒரே நொடியில் கொல்வதுதானே கருணை. தவறக்கூடிய பழைய துப்பாக்கியால் மானைக் காயப்படுத்துவது மனிதரின் இன்பத்துக்காக விலங்கை வதைப்பது ஆகாதா? இந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்க முடியாது. சக்கிமுக்கித் துப்பாக்கி ஏமாற்றும். காயம்பட்ட மான் தப்பிப்போவதும் நடக்கும். ஆனால் காயம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். தன் திறமைக்கும் கருவிக்கும் எட்டாத தூரத்தில் சுடுவது ஒரு முக்கியக் காரணம். நல்ல தொலைநோக்கி அந்த ஆசையைத் தூண்டும், பழைய துப்பாக்கி அந்த ஆசையை அறுக்கும். நாற்பது கஜத்தில் நிற்கும் மானை, அசையாத நிலையில், பக்கவாட்டில் பார்த்தபடி சுடும் கனத்த குண்டு விரைவான மரணத்தையே தரும். இந்த வாதம் ஒரு நிபந்தனையோடுதான் நிற்கும். ஆண்டெல்லாம் இலக்கில் சுட்டுப் பழகாதவர், ஈரத்தில் மருந்து காக்கத் தெரியாதவர், ஐயமுள்ள தருணத்தில் விசையிலிருந்து விரலை எடுக்க மனமில்லாதவர் இந்தப் பருவத்தில் காட்டுக்குப் போகும் தகுதி இல்லாதவர். சுட்ட மானை இரத்தத் தடம் பிடித்து, இருட்டினாலும் விளக்கோடு தேடிக் கண்டெடுப்பது அவர் கடமை. அந்தக் கடமையை ஏற்காதவரின் கையில் எந்தத் துப்பாக்கியும் கொடுமைதான்.

கொலையே வேண்டாம் என்போரின் எதிர்வாதம் இன்னும் ஆழமானது. வள்ளலாரையும் திருக்குறளின் கொல்லாமை அதிகாரத்தையும் அறிந்த தமிழ் வாசகருக்கு இது இயல்பாகவே எழும். ஓநாயைத் திரும்பக் கொண்டுவரலாமே? கொண்டுவர முடிந்தால் அதுவே முதல் தெரிவாக வேண்டும். ஆனால் சாலைகளும் பண்ணைகளும் குறுக்கும் நெடுக்கும் வெட்டிய மாநிலத்தில் ஓநாய்க் கூட்டத்தை வாழவைக்க மக்கள் இன்னும் ஆயத்தமாகவில்லை. காட்டின் நாற்றுகள் அதுவரை காத்திருக்காது. கருத்தடை ஊசி போடலாமே? நியூயார்க்கின் ஃபயர் தீவு போன்ற சிறிய, எல்லைக்கு உட்பட்ட இடங்களில் அது செய்யப்பட்டது. ஒவ்வொரு பெண் மானையும் கிட்ட நெருங்கி, மீண்டும் மீண்டும் ஊசி செலுத்த வேண்டும். பரந்த மலைக்காட்டில் அது நடவாது. ஒன்றும் செய்யாமல் விட்டாலும் மான்கள் வலியில்லாமல் வாழ்ந்து மடிவதில்லை. வண்டிகளில் அடிபட்டும் பிப்ரவரிப் பனியில் பட்டினி கிடந்தும் சாகின்றன. போகும்போது பறவைகளின் கூட்டையும் மரங்களின் வருங்காலத்தையும் சேர்த்தே கொண்டுபோகின்றன. வேட்டையாடும் விலங்கை மனிதர் அழித்துவிட்ட இடத்தில், கைகட்டி நிற்பதும் ஒரு செயல்தான்; அதன் விளைவுக்கும் மனிதரே பொறுப்பு.

வேட்டை இன்பத்துக்காக நடக்கிறது, கடமை என்பது அதற்குப் போர்த்திய போர்வை என்றும் சிலர் சொல்வார்கள். வேட்டைக்காரருக்கு மகிழ்ச்சி உண்டு. அதை மறுப்பது பொய். உழவருக்கும் மீனவருக்கும் தொழிலில் மகிழ்ச்சி உண்டு என்பதால் அவர்கள் தரும் உணவு பயனற்றதாகிவிடாது. கேட்க வேண்டியது, அந்த மகிழ்ச்சியை எது கட்டுப்படுத்துகிறது என்பதே. இங்கே கட்டுகள் பல. ஒவ்வொரு மானுக்கும் தனி அடையாளச் சீட்டு. சுட்ட இடத்திலிருந்து நகர்த்தும் முன் அதைக் கட்ட வேண்டும். ஆணையத்துக்குத் தெரிவிக்க வேண்டும். காட்டு மான் இறைச்சியை விற்கவே கூடாது. 19-ஆம் நூற்றாண்டில் மானை அழித்தது சந்தை என்பதால் சந்தையின் கதவையே அடைத்துவிட்டார்கள். தன் தேவைக்கு மிஞ்சியதைத் தானமாகத் தரலாம். 1991 முதல் ஓர் அமைப்பு அப்படிப்பட்ட இறைச்சியை உணவு வங்கிகள் வழியே ஏழைகளுக்குச் சேர்க்கிறது. உரிமக் கட்டணமும், 1937-ல் வந்த சட்டப்படி துப்பாக்கி, தோட்டா விற்பனையில் பிடிக்கும் வரியும் காட்டுக்கே திரும்புகின்றன. உரிமக் கட்டணம் முதலான பணத்தில் 1920 முதல் வாங்கிச் சேர்த்த அரசு வேட்டை நிலங்கள் இன்று 15 லட்சம் ஏக்கருக்கு மேல். வேட்டையாடாதவரும் அங்கே நடக்கலாம், பறவை பார்க்கலாம்.

இதையெல்லாம் படித்துவிட்டு, அப்படியானால் நம் ஊரிலும் துப்பாக்கியைத் திறந்துவிடலாமே என்று யாரும் முடிவு கட்டக் கூடாது. முதுமலையிலும் சத்தியமங்கலத்திலும் புலியும் சிறுத்தையும் செந்நாயும் இருக்கின்றன. புள்ளிமானும் கடமானும் அவற்றின் உணவு. அங்கே நெற்றி விளக்கும் நாட்டுத் துப்பாக்கியுமாக இரவில் நுழைபவர், புலியின் வாயிலிருந்து உணவைப் பறித்துச் சந்தையில் விற்கிறார். 1972-ன் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் அதைக் குற்றம் என்பது முற்றிலும் சரி. அதே புள்ளிமானை ஆங்கிலேயர் அந்தமான் தீவுகளில் கொண்டுபோய் விட்டார்கள். அங்கே அதை வேட்டையாடும் விலங்கு இல்லாததால் அது காட்டின் இளஞ்செடிகளைத் தின்று தீர்க்கிறது. ஒரே மான், ஒரே நாடு. இரண்டு காடுகளுக்கு இரண்டு தேவைகள். வேட்டை சரியா தவறா என்ற கேள்விக்குப் பொதுவான விடை இல்லை. எந்தக் காடு, எந்த விலங்கு, எத்தனை, யார் கணக்கெடுத்தது, இறைச்சி எங்கே போகிறது என்று கேட்டே விடை காண வேண்டும்.

பென்சில்வேனியாவின் மான் எண்ணிக்கையைச் சக்கிமுக்கித் துப்பாக்கி ஒன்றே கட்டுப்படுத்தவில்லை. அந்த வேலையில் பெரும்பகுதி நவம்பர் இறுதியில் தொடங்கும் ரைஃபிள் பருவத்தில் நடந்து முடிந்துவிடுகிறது. இந்தக் குளிர்கால மாலைகளின் பயன் வேறு. ஆற்றல் கையில் இருந்தும் அதை முழுவதும் பயன்படுத்தாமல் இருக்க ஒரு சமூகம் சட்டம் போட்டுத் தன்னைப் பழக்கிக்கொள்கிறது. நம்மிடமோ கடலடியைத் துடைக்கும் இழுவை மடி இருக்கிறது. எட்டும் தூரமெல்லாம் எடுத்துவிடலாம் என்ற நம்பிக்கையே அதன் கேட்டுக்கு வேர். காட்டிலோ கடலிலோ எதையாவது எடுக்க அனுமதி கேட்டு எவர் வந்தாலும், அவர் கையில் என்ன கருவி என்பதோடு நிறுத்தாமல், எவ்வளவுக்கு மேல் எடுக்க மாட்டார், அதைக் காப்பது எந்தச் சட்டம் என்று கேளுங்கள். தெளிவான விடை இல்லாதவருக்கு அனுமதி தரக் கூடாது.